கற்பனை நாட்டுத் தரைப்படை: பீரங்கி விஷயத்தில் உதவி தேவை

நண்பர்களே, கதைக்காக ஒரு மலைநாட்டை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன், கடல் கிடையாது, சாலைகளும் குறுகல், அதனால் டிவிஷன் (பல பிரிகேடுகள் சேர்ந்த பெரும்படை) எல்லாம் வேண்டாம், மூன்று காலாட்படை பிரிகேடு (சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) போதும் என்று வைத்துவிட்டேன். டாங்கி டி-72. குண்டை இயந்திரமே நிரப்பிவிடும், உள்ளே மூன்று பேர் போதும், ஆள் பஞ்சமுள்ள நாட்டுக்கு வேறென்ன வேண்டும்!

சிக்கல் பீரங்கியில்தான். 155 மி.மீ. குழல் விட்டமுள்ள எம்777 பீரங்கி நாலு டன் சொச்சம், சினூக் ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு மலை மேல் இறக்கலாம், ஆனால் சினூக் வாங்க இவர்களிடம் காசில்லை. 105 மி.மீ. இலகு பீரங்கியை எம்ஐ-17 ஹெலிகாப்டரே தூக்கிவிடும், குண்டு போவதோ ஏறக்குறைய 17 கி.மீ.தான். எதை எடுக்கலாம்? பிரிகேடுக்கு 18 பீரங்கி போதுமா? அப்புறம், சாமான் சுமக்கக் கோவேறு கழுதைப் படை வைத்தால் சிரிப்பீர்களா? 1999இல் கார்கிலிலேயே அவைதானே சுமந்தன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.