புதுப்பிப்பு: ஃபால்அவுட் 4, நாயகியாகவும் ஆடிப் பார்த்துவிட்டேன்

ஃபால்அவுட் 4 என்ற வீடியோ கேமின் நாயகனுக்கு உயிரே இல்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேன். கடத்தப்பட்ட மகனைத் தேடும் தகப்பன், வழியெல்லாம் ஊராருக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறானே என்பதுதான் என் வழக்கு. 'அவன் மனைவியாக ஆடுங்கள், குரல் நடிப்பு நன்றாக இருக்கும்' என்றார்கள் சிலர். ஆடினேன். சத்துவாச்சாரி வெயிலில், மேசை மின்விசிறியை லேப்டாப் பக்கம் திருப்பிவைத்து, இருபது மணி நேரம்.

குரல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவள் வழக்கறிஞராம்! வாதாடிப் பிழைத்தவளுக்கு எந்தப் பேச்சிலும் நான்கே பதில்கள். அதில் ஒன்று 'கிண்டல்' என்று மொட்டையாக நிற்கிறது. அழுத்தினால் என்ன சொல்லித் தொலைப்பாள் என்று எனக்கே தெரியாது. (முழு வாக்கியத்தையும் காட்டும் மாட் (mod) ஒன்றை, அதாவது கேமை மாற்றியமைக்கும் கூடுதல் நிரலை, ரசிகர்கள் செய்திருக்கிறார்கள். போட்டபின் தலைவலி பாதி குறைந்தது.)

2015இல் இந்த கேமில் நாயகனுக்குப் பேசும் குரல் கொடுத்த அதே பெதஸ்தா நிறுவனம், 2023இல் ஸ்டார்ஃபீல்ட் என்ற கேமில் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. அதை ஒப்புதல் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"குழந்தை கிடைத்ததா?"

"இன்னும் இல்லை அம்மா."

"பிறகு எதற்கு இவள் காலி டப்பா பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்?"

லேப்டாப்பை மூடிவிட்டேன்.