இசிஐஎம் நெகட்டிவ், ஆனால் அவிபாக்டமும் வேலை செய்யவில்லை. எங்கே தவறு?

லேப் டெக்னீஷியன்: வணக்கம். ஐசியூ நோயாளியின் ரத்தக் கல்ச்சரில் கிளெப்சியெல்லா நிமோனியே. மெரோபெனம் ஆன்டிபயாடிக் டிஸ்க்கைச் சுற்றி ஜோனே (கிருமி வளராத வட்டம்) இல்லை. கார்பபெனமேஸ் (மெரோபெனம் போன்ற மருந்துகளை உடைக்கும் என்சைம்) இருக்கிறதா என்று பார்க்க எம்சிஐஎம், அதோடு உலோகத்தைப் பிடுங்கும் ஈடிடிஏ சேர்த்துச் செய்யும் இசிஐஎம் இரண்டும் போட்டேன்: கிருமியோடு ஊறிய மெரோபெனம் டிஸ்க்கை, மருந்துக்கு அடங்கும் கிருமி பூசிய தட்டில் வைப்போம்; மருந்து உடைந்திருந்தால் ஜோன் வராது. 2 மி.லி. டிஎஸ்பி (வளர்ப்புத் திரவம்), 1 மைக்ரோலிட்டர் லூப் கல்ச்சர், 35 டிகிரியில் 4 மணி நேரம். மறுநாள் எம்சிஐஎம் 6 மி.மீ. (டிஸ்க்கின் அகலம் மட்டுமே, ஜோன் இல்லை), ஈடிடிஏ டியூபில் ஊறிய டிஸ்க் 8 மி.மீ. 5 மி.மீ. கூடினால்தானே மெட்டலோ (உலோகம் தேவைப்படும் என்சைம்)? அப்படியென்றால் இது உலோகம் வேண்டாத செரீன் வகை, அதை அவிபாக்டம் மருந்து அடக்க வேண்டும். ஆனால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் டிஸ்க்கிலும் ஜோன் இல்லை. இரண்டு தடவை போட்டும் இதேதான். ரிப்போர்ட் கேட்டு வார்டிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கிறது.

பதில் 1: ஈடிடிஏ 0.5 மோலாரில் 20 மைக்ரோலிட்டர்தானே போட்டீர்கள்? டிஸ்க்கை எடுக்கும்போது டியூப் உள்விளிம்பில் அழுத்தி இழுத்து ஈரத்தை வடித்தீர்களா? என்டிஎம் (ஒரு மெட்டலோ என்சைம்) உள்ள கன்ட்ரோல் கிருமி, அதாவது ஏடிசிசி பிஏஏ-2146, கூடவே ஓடியதா?

லேப் டெக்னீஷியன்: ஆமாம் சார், எல்லாம் செய்தேன். கன்ட்ரோலில் 6-லிருந்து 18 மி.மீ. ஆனது.

பதில் 2: அப்படியானால் உங்கள் கையில் தவறில்லை, மனம் தளராதீர்கள். இந்தக் கிருமியிடம் என்டிஎம், செரீன் என்சைமான ஆக்சா-48 வகை இரண்டும் இருக்கலாம். நம் நாட்டு கிளெப்சியெல்லாவில் இந்த ஜோடி சகஜம். என்டிஎம்முக்குத் துத்தநாகம் வேண்டும், ஈடிடிஏ அதைப் பிடுங்கிவிடும். ஆனால் ஆக்சா-48-க்கு உலோகமே தேவையில்லை, அது மெரோபெனத்தைத் தொடர்ந்து உடைக்கும். அதனால் ஜோன் விரியாது. அவிபாக்டம் டிஸ்க்கில் நேர்மாறு: ஆக்சா அடங்கும், என்டிஎம் செஃப்டாசிடிமை உடைக்கும். தயவுசெய்து "மெட்டலோ இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். ஐந்து என்சைம் கார்டு டெஸ்ட் இருந்தால் இப்போதே போடுங்கள், கால் மணி நேரம்தான். அஸ்ட்ரியோனம் என்ற ஆன்டிபயாடிக்கை என்டிஎம்மால் உடைக்க முடியாது, அதை உடைக்கும் ஈஎஸ்பிஎல் என்ற என்சைமை அவிபாக்டம் தடுக்கும். எனவே செஃப்டாசிடிம்-அவிபாக்டம், அஸ்ட்ரியோனம் டிஸ்க்குகளை ஒரே டியூபில் கரையவிட்டு, கிருமியைச் சேர்த்துப் பாருங்கள். தனித்தனி டியூபும், டிஸ்க் இல்லாத டியூபும் பக்கத்தில் இருக்கட்டும்.

லேப் டெக்னீஷியன்: மேடம், கார்டில் என்டிஎம், ஆக்சா-48 இரண்டு இடத்திலும் கோடு! உடனே டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டேன்.

லேப் டெக்னீஷியன் (மறுநாள் காலை): தனித்தனி டியூப்கள் கலங்கியிருக்கின்றன. இரண்டு டிஸ்க்கும் சேர்ந்த டியூப் தெளிந்த தண்ணீர் மாதிரி நிற்கிறது, அதாவது மருந்துகள் சேர்ந்தால் கிருமி வளரவில்லை. ரிப்போர்ட் அனுப்பியாயிற்று. மிக்க நன்றி மேடம்.