கீமோ ஊசி கடற்பஞ்சிலிருந்து வருகிறதாம், உண்மையா?

நொய்யல்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58, மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து சில வருடம் நன்றாகத்தான் இருந்தார்கள், இப்போது கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவிவிட்டது. முன்பு கொடுத்த இரண்டு வகை கீமோவும் கேட்கவில்லை என்று எரிபுலின் என்ற ஊசியை ஆரம்பித்திருக்கிறார்கள். முன்பெல்லாம் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார வேண்டும், இது ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. டாக்டரிடம் கேட்டதற்கு "கடல்ல இருக்கிற ஒரு பஞ்சுல இருந்து கண்டுபிடிச்ச மருந்தும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார்.

கடற்பஞ்சைப் பிடித்து வந்து சாறு எடுத்துத்தான் இதைச் செய்கிறார்களா? இதைக் கேட்க ஒரு காரணம் இருக்கிறது. சொந்தக்காரர் ஒருவர் கடல்பாசியும் கடற்பஞ்சுச் சாறும் சேர்த்த கேப்சூல் என்று ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் இதே பஞ்சுதானே, இயற்கையாகச் சாப்பிட்டால் முடி கொட்டாது, செலவும் குறைவு என்கிறார். அம்மாவும் அதை வாங்கித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, சரி என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. நான் படித்தது பி.காம்., கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள்.

குடுவை:

முதலில் நேரடியான பதில். அம்மாவுக்குப் போடும் ஊசியில் கடற்பஞ்சு துளியும் கிடையாது, அது முழுக்க முழுக்கத் தொழிற்சாலையில் கட்டியெடுத்த மூலக்கூறு. ஆனால் இப்படியொரு மூலக்கூறு சாத்தியம் என்று மனிதனுக்குக் காட்டியது கடற்பஞ்சுதான். நான் கரிம வேதியியல் ஆராய்ச்சியில் இருக்கிறேன், எங்கள் துறையில் எரிபுலினை மிகப் பெருமையாகப் பேசுவார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஜப்பானில் மியூரா தீபகற்பத்துக் கரைப் பாறைகளில் ஹாலிகோண்ட்ரியா ஒகடாய் என்ற கருப்பு நிறக் கடற்பஞ்சு ஒட்டி வளரும். ஹிராட்டா, உவேமுரா என்ற இரண்டு ஜப்பானிய வேதியியலாளர்களின் குழு 1980களில் அதில் 600 கிலோ சேகரித்தது. இந்த வேலை எப்படி நடக்கும் என்றால், பஞ்சைத் துண்டு துண்டாக வெட்டி மெத்தனால் மாதிரி ஒரு கரைப்பானில் ஊறவைப்பார்கள், பழுப்பு நிறத்தில் ஒரு சாறு இறங்கும், அதில் உப்பும் கொழுப்பும் நிறமிகளும் ஆயிரம் வேறு பொருட்களும் கலந்து கிடக்கும். அதை இரண்டாகப் பிரித்து எந்தப் பாதி புற்றுசெல்லைக் கொல்கிறது என்று பார்ப்பார்கள், கொல்லும் பாதியை மறுபடி பிரிப்பார்கள், ஒரே ஒரு பொருள் தனியாக நிற்கும்வரை இப்படியே போகும். அந்த 600 கிலோவிலிருந்து கடைசியில் கையில் நின்ற ஹாலிகோண்ட்ரின் பி என்ற பொருளின் எடை 12.5 மில்லிகிராம்!

இதை அம்மாவின் ஊசியோடு வைத்துப் பாருங்கள். எரிபுலின் குப்பி ஒன்றில் 2 மில்லி திரவம், அதற்குள் 1 மில்லிகிராம் மருந்து. உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு வழக்கமான அளவு ஒரு தடவைக்கு 2.1 மில்லிகிராம். ஹாலிகோண்ட்ரினையே அதே அளவில் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 600 கிலோ பஞ்சும் ஒரே ஆளுக்கு ஏறக்குறைய ஆறு ஊசிக்குத்தான் காணும். நியூசிலாந்தில் கைகோரா பக்கத்துக் கடலில் வேறொரு பஞ்சிலும் இதே பொருள் கிடைத்தது, அங்கே அரசு அனுமதியோடு ஒரு டன் எடுத்ததில் தேறியது சுமார் 300 மில்லிகிராம். உலகத்து நோயாளிகளுக்கெல்லாம் கொடுக்கக் கடலையே வழித்தாலும் பத்தாது.

1986-இல் ஹாலிகோண்ட்ரின் பற்றிய கட்டுரை வந்தபோதே எலிகளில் அது பிரமாதமாக வேலை செய்வது தெரிந்துவிட்டது. இருந்தும் மருந்தாக்க வழியில்லை. ஹார்வர்டில் யோஷித்தோ கிஷி என்ற வேதியியலாளரின் குழு 1992-இல் அந்த ராட்சத மூலக்கூறை அடியிலிருந்து முடிவரை ஆய்வகத்திலேயே கட்டிக் காட்டியது. அப்புறம்தான் எதிர்பாராத நல்ல செய்தி. வழியில் செய்து வைத்திருந்த துண்டுகளைச் சோதித்தபோது மூலக்கூறின் வலது பாதி மட்டுமே புற்றுசெல்லைக் கொல்லப் போதுமானது என்று தெரிந்தது. எய்சாய் என்ற ஜப்பானிய நிறுவனம் அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு, உடம்புக்குள் தாக்குப்பிடிக்கும்படி அங்கங்கே மாற்றி மாற்றி ஏராளமான வடிவங்களைச் செய்து பார்த்தது. அதில் தேறியதுதான் எரிபுலின். 2010 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாதி மூலக்கூறு என்று பெயர்தானே தவிர அதைச் செய்ய இன்றும் அறுபதுக்கும் மேற்பட்ட வினைப்படிகள் வேண்டும், விலைக்கு அதுவும் ஒரு காரணம்.

கேப்சூல் விஷயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அதே ஒகடாய் பஞ்சில் ஒகடாயிக் அமிலம் என்று இன்னொரு பொருளும் உண்டு. மட்டி, சிப்பிகளில் அது சேர்ந்துவிட்டால் சாப்பிட்டவர்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரும், விலங்குகளின் தோலில் தடவிப் பார்த்தபோது கட்டி வளரவே துணைபோனது. இயற்கையான சாறு என்றால் இரண்டும் சேர்ந்தேதான் வரும். நல்லதைத் தனியாகப் பிரித்தெடுப்பதற்குத்தான் இத்தனை வருடப் பாடு.

வார்டு மருந்தகம்:

தங்கச்சி, நான் புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளராக இருக்கிறேன், இந்த ஊசியைக் கையாள்வது என் வேலை. குடுவை வேதியியலைச் சொல்லிவிட்டார், நான் வீட்டுக்குத் தேவையானதைச் சொல்கிறேன்.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுக்கக் கயிறு மாதிரி நுண்குழல்கள் உருவாகும். எரிபுலின் அவற்றின் நுனியில் உட்கார்ந்து மேற்கொண்டு வளரவிடாது, செல் பாதியில் நின்று செத்துப்போகும். நம்மூர் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தும் கைவைப்பது இதே குழல்களில்தான், ஆனால் வேறு விதத்தில். வேகமாகப் பிரியும் நல்ல செல்களும் இதில் அடிபடும். முடி கொட்டுவது அதனால்தான், ரத்தத்தில் வெள்ளணு இறங்குவதும் அதனால்தான். கூடவே விரல்களில் மரமரப்பு, அசதி, மலச்சிக்கல் வரலாம்.

பொதுவாக முதல் நாள், எட்டாம் நாள் ஊசி, பிறகு இடைவெளி விட்டு 21 நாளுக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் ரத்தப் பரிசோதனை பார்ப்போம், அணுக்கள் குறைவாக இருந்தால் தள்ளிப் போடுவோம் அல்லது அளவைக் குறைப்போம். தள்ளிப் போட்டார்களே என்று பதற வேண்டாம். பதற வேண்டியது காய்ச்சலுக்கு. தெர்மாமீட்டரில் 100.4 தாண்டினால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலைவரை காத்திருக்காதீர்கள், ராத்திரி எந்நேரமானாலும் கிளம்பிவிடுங்கள். சட்டைப் பொத்தான் போடுவது, செருப்பு மாட்டுவது அம்மாவுக்குச் சிரமமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், மரமரப்பு கூடுகிறது என்று அர்த்தம்.

அந்தக் கேப்சூலுக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கல்லீரலில் ஏற்கெனவே நோய் இருக்கும்போது தெரியாத ஒன்றைக் கொடுத்து, நாளைக்கு மஞ்சள் காமாலை வந்தால் அது நோயினாலா, ஊசியினாலா, கேப்சூலினாலா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியாது, அந்தக் குழப்பத்தில் நல்ல மருந்தும் நின்றுபோகும். அம்மாவிடம் இதையே சொல்லுங்கள், நிச்சயம் புரிந்துகொள்வார்கள். எரிபுலின் நோயை முழுதாகப் போக்கிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 762 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், மற்ற சிகிச்சை பெற்றவர்கள் அதன்பின் வாழ்ந்த காலத்தின் நடுப்புள்ளி 10.6 மாதம், இதைப் பெற்றவர்களுக்கு 13.1 மாதம். நடுப்புள்ளி என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டியும் இருந்தார்கள் என்று அர்த்தம். ஏற்கெனவே பல கீமோ பார்த்துவிட்டவர்களுக்கு இந்த அளவு கிடைத்ததே பெரிய விஷயம்.

பாம்பன் காற்று:

கடல்வாழ் உயிரியல் படித்தவன், ராமேஸ்வரம் பக்கம். இழுவலையில் மீனோடு கடற்பஞ்சும் ஏறிவரும், நம் ஆட்கள் அதைக் கழித்துப் போட்டுவிடுவார்கள், சில வகை கையில் பட்டால் அரிப்பு தாங்காது. அந்த அரிப்பிலேயே விஷயம் இருக்கிறது. கடற்பஞ்சும் ஒரு பிராணிதான், ஆனால் அதற்கு ஓடு கிடையாது, ஓடவும் முடியாது, பாறையில் ஒட்டியபடியே தன்னைத் தின்ன வருவதையும் தன்மேல் படர வருவதையும் ரசாயனத்தால்தான் தடுத்தாக வேண்டும். அத்தனை கடல்நீரில் கரைந்து போகிற பொருள் என்பதால் துளியூண்டு இருந்தாலே வேலை செய்யும்படி வீரியமாக இருக்கும். மருந்து தேடுகிறவர்கள் அதன் பின்னால் போவது அதனால்தான்.

இந்தத் தேடல் எரிபுலினில் தொடங்கியதும் இல்லை. வெர்னர் பெர்க்மன் என்பவர் புளோரிடா கரையில் எடுத்த ஒரு கடற்பஞ்சில் வினோதமான நியூக்ளியோசைடுகளை (டிஎன்ஏவைக் கட்டும் துண்டுகள் மாதிரியான பொருட்களை) கண்டு 1950களின் தொடக்கத்தில் எழுதினார். அவற்றில் வழக்கமான சர்க்கரைக்குப் பதில் அராபினோஸ் என்ற வேறொரு சர்க்கரை இருந்தது. அதைப் பார்த்துச் செய்த சைட்டராபின் 1969-இல் அனுமதி பெற்றது, ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி வேறு. பல இடத்தில் மருந்தைச் செய்வது நாம் பிடித்து வந்த பிராணியே இல்லை, அதற்குள்ளோ அதன் தீனியிலோ இருக்கும் நுண்ணுயிர். கரீபியனில் அலையாத்தி வேர்களில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் கடற்பீச்சி என்ற பிராணி ஒன்றிலிருந்து டிராபெக்டெடின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. ஒரு டன் பிராணிக்கு ஒரு கிராம்தான் கிடைக்கும். பிறகு பார்த்தால் அதைச் செய்வது உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா. இப்போது வேறொரு பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, அது தரும் சேர்மத்தை மூலப்பொருளாக வைத்து மீதி வேலையை வேதியியலாளர்கள் முடிக்கிறார்கள். மொரிஷியஸ் கடல்முயலில் (நத்தை இனத்துப் பிராணி) கிடைத்த டோலாஸ்டாட்டின் என்ற பொருளின் கதையும் இப்படித்தான், கடல்முயல் மேயும் நீலப்பச்சைப் பாசியில் இருந்தது மூலம். அதன் வழிவந்த ஒன்றை எதிர்ப்பொருளோடு இணைத்து ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு 2011 முதல் கொடுக்கிறார்கள்.

எல்லாமே ஜெயிக்கவும் இல்லை. கப்பல் அடியில் ஒட்டும் பாசிவிலங்கு ஒன்றை சுமார் 13 டன் திரட்டி 18 கிராம் பிரையோஸ்டாட்டின் என்ற பொருளை எடுத்தார்கள், எத்தனையோ பரிசோதனை நடந்தும் புற்றுநோய்க்கு மருந்தாக அது தேறவில்லை. அதனால் "கடற்பாசிச் சாறு புற்றுசெல்லைக் கொன்றது" என்று செய்தி வந்தால் அது கண்ணாடித் தட்டில் நடந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஊசிக்கு வர இருபது முப்பது வருடம் ஆகும், பெரும்பாலானவை வழியிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று, மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளமும் கடல் அட்டையும் எடுப்பது குற்றம். மருந்துக்கு என்று யாராவது திருட்டுத்தனமாக விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

நொய்யல்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. குடுவை சார் எழுதிய 600 கிலோ கணக்கை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப அந்தக் கேப்சூல் டப்பாவுல என்னத்தப் போட்டிருப்பான்" என்று அவர்களே கேட்டுவிட்டார்கள். இன்னும் ஒன்றே ஒன்று. அம்மாவுக்கு முதுகெலும்பில் வலி, ராத்திரியில் தூக்கமில்லை. நத்தை விஷத்தில் வலிமருந்து இருக்கிறது என்று எங்கோ படித்தேன். அது இவர்களுக்கு ஆகுமா?

வார்டு மருந்தகம்:

ஜிகோனோடைடு பற்றிப் படித்திருப்பீர்கள். பிலிப்பைன்ஸில் பிறந்த பால்டோமெரோ ஒலிவேராவின் குழு கூம்பு நத்தையின் நஞ்சில் கண்டுபிடித்தது, 2004-இல் அமெரிக்காவில் அனுமதியானது. நத்தை அதை மீனை அசையவிடாமல் செய்யப் பயன்படுத்துகிறது. நம் தண்டுவடத்தில் வலிச் செய்தி கடக்கும் கால்சியம் வாயிலை அது அடைத்துவிடும், மார்ஃபின் போலப் போகப் போக அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. ஆனால் மாத்திரையாகவோ சாதாரண ஊசியாகவோ கொடுக்க முடியாது. பம்பு வைத்து முதுகுத்தண்டு நீருக்குள் நேராகச் செலுத்த வேண்டும், மனக்குழப்பம், இல்லாதது தெரிவது போன்ற பக்கவிளைவும் உண்டு. மற்ற எதுவும் கேட்காத கடும் வலிக்கு மட்டும்தான் அதை யோசிப்பார்கள்.

அம்மாவின் வலிக்கு அதற்கு முன்பே நிறைய வழி இருக்கிறது. எலும்புக்குப் பரவிய வலிக்கு ரேடியேஷன் நன்றாகக் கேட்கும், பல பேருக்கு ஒரே தடவை கொடுத்தாலே போதும். எலும்பைப் பலப்படுத்தும் ஊசி உண்டு. மார்ஃபின் மாத்திரை உண்டு, டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் பயப்பட வேண்டாம், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து கேட்டு வாங்குங்கள், எரிபுலினுக்கும் அந்தத் தொந்தரவு இருக்கிறது. கால் திடீரென்று வலுவிழந்தாலோ சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். மற்றபடி ராத்திரி வலி பத்துக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். எட்டாம் நாள் ஊசிக்குப் போகும்போது அந்த நோட்டை டாக்டரிடம் காட்டி, வலி நிவாரணப் பிரிவுக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.