நீலகிரியில் இயற்கை ஓவியக் குழு: மாதாமாதம் எங்கே போவது, போய் என்ன செய்வது?

தூரிகை_குன்னூர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். குன்னூரில் செடி, பறவை, மலை என்று வரைகிறவர்கள் கொஞ்சம் பேர் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் நாலைந்து பேர், தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிற அண்ணன் ஒருவர், வெலிங்டனில் இருந்து ஓய்வு பெற்ற ராணுவக்காரர், முழங்கால் வலியோடு வரும் இரண்டு அம்மாக்கள், அப்புறம் சமையலை முடித்துவிட்டு ஓடி வரும் என் போன்றவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து வெளியே போகிறோம்.

வேனுக்குக் காசு கொடுத்தாயிற்று என்பதால், ஒரே நாளில் லேம்ப்ஸ் ராக், டால்பின் நோஸ், இன்னொரு வியூ பாயின்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆகிவிடுகிறது. இறங்கியதும் போட்டோ, அப்புறம் டீ. நோட்டைத் திறந்து நாலு கோடு போடுவதற்குள் மிஸ்ட் ஏறிவந்து எதிர்மலையை மறைத்துவிடும். "வீட்டுக்குப் போய் போட்டோவைப் பார்த்து முடிச்சுக்கலாம்" என்று எல்லோரும் திரும்ப வேனில் ஏறிவிடுகிறார்கள். எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. போட்டோவைப் பார்த்து வரைவதற்கு இந்த மலையில் குடியிருக்க வேண்டியதில்லையே.

வரும் வருடத்தை ஒழுங்காகத் திட்டமிட நினைக்கிறேன். அவலாஞ்சி போக வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். பெரியவர்களால் அதிகம் நடக்க முடியாது. ஈரத்தில் வாட்டர் கலர் காயவே மாட்டேன் என்கிறது. குழுவாகப் போய் வரைந்து பழகியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எந்த மாதம் எங்கே போகலாம், போன இடத்தில் எல்லோரையும் எப்படி உட்கார வைப்பது?

கோத்தகிரி_டீச்சர் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கோத்தகிரியில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு இதே வேலையைத்தான் செய்துவருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வேனை விடுங்கள். ஒரு நாளைக்கு ஒரே இடம். அதே இடத்துக்கு அடுத்த மாதமும் போங்கள், அதற்கடுத்த மாதமும் போங்கள். புது இடம் என்றால் கண் அலைபாயும், கை போனைத் தேடும். திரும்பத் திரும்பப் போகும்போதுதான் கிளை எந்தப் பக்கம் வளைகிறது, பட்டையில் பாசி எந்தப் பக்கம் அடர்ந்திருக்கிறது என்பதெல்லாம் தெரியவரும்.

உங்கள் ஊரிலேயே சிம்ஸ் பார்க் இருக்கிறது. 1874இல் திறந்த பூங்கா. காலையில் கூட்டம் வருவதற்கு முன் போய்விட்டால் பெஞ்சிலேயே உட்கார்ந்து வரையலாம், அம்மாக்களின் முழங்காலுக்கும் கஷ்டமில்லை. அங்கே மரப்பெரணி இருக்கிறது. அதன் இளம் இலை சுருளாக வெளியே வந்து கொஞ்சம் கொஞ்சமாக அவிழும். ஒரே இலையைச் சுருளாக ஒரு முறையும், விரிந்த பிறகு ஒரு முறையும் வரையச் சொல்லுங்கள். ருத்ராட்ச மரம் இருக்கிறது. அதன் பழம் பளீரென்று நீலமாக இருக்கும். அந்த நீலம் சாயத்தால் வருவதில்லை. தோலுக்கடியில் உள்ள நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால் வருகிறது. அதனால் எந்த டியூபைப் பிதுக்கினாலும் அந்த நீலம் நேராகக் கிடைக்காது. கீழே விழுந்து கிடக்கிற பழம் ஒன்றை நடுவில் வைத்து, எல்லோரும் அவரவர் பெட்டியில் இருக்கும் நீலங்களைக் கலந்து எவ்வளவு நெருங்க முடிகிறது என்று பார்க்கட்டும். அரை நாள் போவதே தெரியாது. மே மாதம் மட்டும் பழக் கண்காட்சிக் கூட்டம், அப்போது அந்தப் பக்கம் போக வேண்டாம்.

உட்கார வைப்பதற்கு நான் செய்வது இது. போன் பைக்குள் போய்விட வேண்டும், இதில் நான் கண்டிப்பு. இருவர் இருவராக உட்கார வைப்பேன். ஒருவர் செடியைப் பார்த்துச் சொல்ல வேண்டும், முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் கேட்டதை மட்டும் வைத்து வரைய வேண்டும். "இலை பச்சையா இருக்கு" என்று சொன்னால் எதிரில் இருப்பவரால் ஒரு கோடு கூடப் போட முடியாது. இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா, விளிம்பில் பல் இருக்கிறதா, நரம்பு விளிம்பைத் தொடுகிறதா என்று சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லிப் பழகியவர்கள் பிறகு தாமாகவே அதைத் தேடிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேச்சில்லாமல் பென்சில் மட்டும். கிளம்புவதற்கு முன் எல்லா நோட்டையும் பாயில் விரித்து வைத்து, ஆளுக்கு ஒரு விஷயம், இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கவனித்தது எது என்று சொல்ல வேண்டும். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

எங்கள் பக்கம் லாங்வுட் சோலை என்ற மலைக்காடு இருக்கிறது. 116 ஹெக்டேர், 2024 ஜனவரியில் ராம்சர் இடமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பத்துப் பேருக்கு மேல் போகாமல் வாருங்கள், மிச்சப் பேர் அடுத்த மாதம் வரட்டும். சோலைக்குள் ஒரு முழு மரத்தைப் பார்க்கவே முடியாது, அவ்வளவு நெருக்கம். அதனால் உள்ளே வேர், பட்டை, பாசி, சருகில் முளைத்த காளான் என்று சின்னச் சின்னதாக வரையுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை சோலை மரங்கள் தளிர் விடும். செம்பு, இளஞ்சிவப்பு, மஞ்சள் கலந்த பச்சை என்று மேல்மட்டம் முழுக்க நிறம் மாறி நிற்கும். அந்தப் பருவத்தில் வெளியே எதிர்ச்சரிவில் உட்கார்ந்து சோலையை மொத்தமாக வரைய வேண்டும். வாட்டர் கலருக்கு இதைவிட நல்ல மாதங்கள் எனக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து குழுவில் அழுத்திச் சொல்லுங்கள். சோலையில் ஒரு இலையைக்கூடப் பறிக்க வேண்டாம். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து வரைய ஆசையாக இருந்தால், ரோட்டோரம் உண்ணிச்செடி இருக்கிறது, ஆரஞ்சுப் பூ பூக்கிற செஸ்ட்ரம் புதர் புதராக இருக்கிறது. இரண்டுமே வெளியிலிருந்து வந்து இந்த மலையை அடைத்துக்கொண்டிருப்பவை. கிளையோடு ஒடித்துக்கொண்டு வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

காயாத வாட்டர் கலர் பற்றி. மிஸ்ட் இறங்குகிற நாளில் அதோடு போராட வேண்டாம். தண்ணீரில் கரையாத மசிப் பேனா, கலர் பென்சில் போதும். நிறத்தைப் பக்கத்தில் எழுத்தில் குறித்துவைத்தால் வீட்டில் போடலாம், போட்டோ தேவைப்படாது. காகிதத்தை முக்கியமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரத்தில் பீரோவில் கிடக்கும் நல்ல காகிதம்கூட மேலே உள்ள பசைப் பூச்சை இழந்துவிடும், பிறகு வண்ணம் திட்டுத் திட்டாக உள்ளே இறங்கும். இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். வண்ணப் பெட்டியை ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடிக்கும், வீட்டுக்கு வந்ததும் திறந்துவைத்துக் காயவிடுங்கள்.

அப்புறம் காட்டெருமை. நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, ஆனால் வரைகிறவர்கள் தலை குனிந்தே இருப்பார்கள். ஒருவர் முறை வைத்து வரையாமல் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தேயிலைக்குள் இருக்கும் ஒற்றையடிப் பாதையின் நடுவே ஸ்டூல் போடக் கூடாது. கரடி நடமாட்டமும் இருப்பதால் நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவது நல்லது.

பந்தலூர்க்காரன் எழுதியது:

டீச்சர் சொன்னதில் மழைக் கணக்கை மட்டும் சேர்க்கிறேன். நீலகிரி முழுக்க ஒரே மழை என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை எங்கள் கூடலூர், பந்தலூர், தேவாலாவையும் அவலாஞ்சியையும்தான் அடித்துப் பெய்யும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் பதிவானது 82 செ.மீ. அந்த மாதங்களில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மழை குறைவாக இருக்கும், அங்கேயே வரையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை உங்கள் பக்கச் சரிவில் பெய்யும், மண்சரிவு வரும். அப்போது வீட்டுக்குள் செய்கிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

அவலாஞ்சி வரைகிறவர்களுக்குச் சரிப்படாது என்பது என் எண்ணம். வனத்துறை வண்டியில்தான் உள்ளே அழைத்துப் போவார்கள், இறங்கி நிற்கக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். பார்க்க வேண்டிய இடம், சந்தேகமில்லை. ஆனால் அதை ஓவிய நாளாகக் கணக்கு வைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் வந்தே தீருவோம் என்றால் அட்டைப்பூச்சிக்கு உப்பும் புகையிலையும் எடுத்து வாருங்கள். யானைத் தடம் உள்ள இடங்களில் உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இல்லாமல் உட்காரவே கூடாது.

கேத்தி_பள்ளத்தாக்கு எழுதியது:

மேடம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ரயில் நல்லது. குன்னூரில் ஏறி கேத்தியில் இறங்குங்கள். பிளாட்பாரத்தில் இருந்தே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். கேரட், பீட்ரூட் தோட்டங்களின் படிவரிசை, நடுவில் படுகர் ஊர்களான ஹட்டிகளின் வீடுகள், மேலே யூகலிப்டஸ், சீகை மரத் தோப்பு. ரயிலுக்குள் பிள்ளைகள் வேகமாக வரைந்து பழகலாம். ஒரு வளைவு வந்து மறைவதற்குள் மலையின் விளிம்புக்கோட்டை மட்டும் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிடைப்பது கஷ்டம். சீசன் இல்லாத மாதத்தில் வாருங்கள்.

தூரிகை_குன்னூர் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர், ருத்ராட்சப் பழத்தின் நீலம் பற்றி நீங்கள் சொன்னதைக் குழுவில் போட்டேன். ராணுவக்கார ஐயா உடனே சிம்ஸ் பார்க் போய் இரண்டு பழம் பொறுக்கிவந்துவிட்டார்! வேனை விட்டுவிடுவதில் எல்லோருக்கும் சம்மதம்.

மழைமாதங்களில் வீட்டுக்குள் என்ன செய்யலாம் என்று இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? அப்புறம், தோடர் பழங்குடியினர் குடியிருக்கும் மந்துக்கும் பாறை ஓவியம் இருக்கும் இடத்துக்கும் போகலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். போகலாமா?

கோத்தகிரி_டீச்சர் எழுதியது:

ஐயாவிடம் அந்தப் பழத்தின் சதையை நீக்கிக் கொட்டையையும் வரையச் சொல்லுங்கள்.

மழைமாதத்துக்கு என்னிடம் ஒரு பிடித்தமான வேலை இருக்கிறது. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1840களிலும் 50களின் தொடக்கத்திலும் தென்னிந்தியச் செடிகளைப் படங்களோடு வெளியிட்டார். நீலகிரிச் செடிகளுக்கென்றே தனியாக வண்ணப் படங்கள் கொண்டுவந்தார். அந்தப் படங்களை வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைத்தார். நம் மலைச் செடிகளை நம்மைப் போலவே கையால் வரைந்தவர்கள் என்று சொன்னால் பிள்ளைகளின் முகமே மாறும். படங்கள் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாலைந்தை அச்செடுத்து மேசையில் வையுங்கள். முழுச் செடிக்குக் கீழே பூவைப் பிளந்து, விதையைத் தனியாக எடுத்து எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, உங்கள் தோட்டத்து அவரைப் பூவையோ உருளைக்கிழங்குப் பூவையோ அதே முறையில் பிரித்து வரையுங்கள். ஒரு பூவைப் பிரித்தால் ஒரு மாதத்துக்கு வேலை இருக்கும்.

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே தோடர் மந்து இருக்கிறது. அது மக்கள் குடியிருக்கும் இடம். முன்னாலேயே கேட்டு, அவர்கள் வரச் சொன்னால் மட்டும் போங்கள். கோயிலுக்கு அருகே போகவோ, அங்கே உட்கார்ந்து வரையவோ வேண்டாம். பூத்தையல் செய்கிற அம்மா யாராவது சம்மதித்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். காகிதத்தில் மாதிரி எதுவும் வரைந்துகொள்ளாமல், துணியின் நூலை எண்ணி எண்ணியே கறுப்பிலும் சிவப்பிலும் அந்த வடிவங்களைக் கொண்டுவருவார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள், முடிந்தால் ஒரு சால்வை வாங்குங்கள். போட்டோ எடுத்துவந்து அந்த வடிவத்தை உங்கள் பையிலும் வாழ்த்து அட்டையிலும் போட்டு விற்பது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

பாறை ஓவியத்துக்கு இப்போது வேண்டாம். கரிக்கியூர் பக்கம் பாறை ஓவியங்கள் இருக்கும் பொறிவரைக்குப் போவதென்றால் அனுமதி வேண்டும், வழி தெரிந்த உள்ளூர்க்காரர் வேண்டும், இறக்கமும் செங்குத்து. அம்மாக்களை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். போட்டோவில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று பாறை ஓவியங்களின் மேல் தண்ணீர் தெளிக்கிற கெட்ட பழக்கம் பலருக்கு இருக்கிறது, ஓவியம் அழிந்துபோகிறது. அதற்குப் பதிலாக, இன்றும் வேங்கை மரப் பிசினை வைத்து வரைகிற குறும்பர் பழங்குடி ஓவியர் ஒருவரை உங்கள் ஊருக்கு வரவழைத்து, பயணச் செலவும் சம்பளமும் கொடுத்து ஒரு நாள் அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். வேன் காசு அதற்குச் சரியாக இருக்கும்.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். பொங்கலையொட்டி நான்கு நாள், ஒரு இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்த பறவைகளை எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிய வேண்டும். உங்கள் பிள்ளைகள் எண்ணட்டும், பெரியவர்கள் வரையட்டும். உடம்பு, வால், அலகு மூன்றுக்கும் ஆளுக்கு மூன்று கோடு போட்டால் போதும், நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை அதற்கு மேல் ஒரு இடத்தில் நிற்காது.

லாங்வுட் வருவதானால் பிப்ரவரி கடைசி ஞாயிறு எனக்குச் சரிப்படும். வனத்துறையிடம் நானே கேட்டுவைக்கிறேன், பெயர்ப் பட்டியலை மட்டும் முதல் வாரத்துக்குள் அனுப்புங்கள். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுவாருங்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. சாப்பாடு என் வீட்டில்.