மொரிஸ் மைனரில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டேன், சார்ஜ் சரியில்லை, உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 1960 மொரிஸ் மைனர் கார் இருக்கிறது. பேட்டரியை சார்ஜ் செய்யும் பழைய டைனமோ ஹெட்லைட் போட்டாலே திணறியதால், போன மாதம் அதற்குப் பதில் அதிக கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் மாட்டினோம். பாசிட்டிவ் எர்த்தை (பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் இணைந்திருப்பது) நெகட்டிவாக மாற்றி, இக்னிஷன் காயில் வயர்களையும் இடம் மாற்றியாச்சு.

பிரச்சினை இதுதான்: ரேஸ் கொடுத்தால் ஆல்டர்னேட்டர் முனையில் 14.4 வோல்ட் வருகிறது, ஆனால் அதே நேரம் பேட்டரியில் 13.1தான், சார்ஜ் விளக்கும் முழுசாக அணையாமல் மங்கலாக எரிகிறது. பெல்ட் டைட்டாகத்தான் இருக்கிறது. மெக்கானிக் ஆல்டர்னேட்டரையே மாற்றச் சொல்கிறார் (அவருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து). எனக்கென்னவோ கட்அவுட் பெட்டி (டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பெட்டி) வழியாகப் போகும் பழைய வயரில்தான் சந்தேகம், டைனமோ கொடுத்தது 22 ஆம்பியர்தான், ஆல்டர்னேட்டர் கொடுப்பது அதைவிட அதிகம்.

ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராகத் தடிமனான வயர் இழுத்தால் போதுமா? எத்தனை சதுர மில்லிமீட்டர் போட்டீர்கள்? அப்புறம், கட்அவுட்டில் இருக்கும் மற்ற வயர்களை என்ன செய்வது?