வேஸும் கூகுள் மேப்ஸும் ஒரே முதலாளியிடம்: நமக்குத் தேர்வு இருக்கிறதா?

செந்தூல்வாசி:
கூட்டரசு நெடுஞ்சாலையில் எங்கே நெரிசல், எங்கே விபத்து, எங்கே குழி என்று வழிகாட்டும் செயலியான வேஸில் ஓயாமல் பதிந்தவர்கள் கோலாலம்பூர் ஓட்டுநர்களாகிய நாம்தாம். விடுபட்ட சந்துகளையும் புதிய தாமான்களையும் (குடியிருப்புப் பகுதிகளையும்) ஊதியமின்றி வரைந்து சேர்த்தவர்கள் நம்மூர்த் தன்னார்வலர்கள். 2013-இல் வேஸைக் கூகுள் வாங்கியதும் அந்த உழைப்பும் கைமாறிவிட்டது. இன்று வேஸ் பிடிக்காமல் கூகுள் மேப்ஸுக்கு மாறுகிறவர் அதே நிறுவனத்திடம்தான் போய்ச் சேர்கிறார்.

பங்சார் ஓட்டுநர்:
ஐயா, பெற்ற பயனையும் கணக்கில் சேருங்கள். முன்பெல்லாம் வழிகாட்டிக் கருவியைப் பல நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கினோம். இன்று அச்செலவே இல்லை. பெரிய நிறுவனம் நினைத்ததெல்லாம் நடந்துவிடுவதும் இல்லை. 2012-இல் கூகுளின் வரைபடத்தை ஐபோனிலிருந்து நீக்கிவிட்டுப் பிழைகள் மலிந்த சொந்த வரைபடத்தை ஆப்பிள் வைத்தபோது, அதன் அப்போதைய தலைமை நிர்வாகி டிம் குக் பொதுவில் மன்னிப்புக் கேட்டு, பிறர் செயலிகளைப் பயன்படுத்துமாறு சொல்ல நேர்ந்ததே!

செந்தூல்வாசி:
அந்த மன்னிப்புக் கடிதத்தில் குக் பரிந்துரைத்தவற்றுள் வேஸும் ஒன்று. மறு ஆண்டே அது கூகுளுக்குப் போய்விட்டது. நம் வண்டிகள் நகரும் வேகமே நெரிசல் தரவாக மாறுவதால், அதிகம் பேர் வைத்திருக்கும் செயலி துல்லியமாகிறது, துல்லியமானதையே மேலும் பலர் நாடுகிறார்கள். புதிதாக வருபவர் எவ்வளவு திறமையானவராயினும் ஓட்டுநர்கள் இல்லாமல் தரவில்லை, தரவில்லாமல் ஓட்டுநர்கள் இல்லை என்ற நிலையில் சிக்கிக்கொள்கிறார். எனக்கு ஆறாத கவலை இதுதான்.

பட்டர்வொர்த் தம்பி:
அண்ணன், அதைக் கடந்தவர் நம் ஊரிலேயே உண்டு. கோலாலம்பூரில் 2012-இல் மைடெக்ஸி என்ற டாக்சி அழைப்புச் செயலியாகத் தொடங்கிய கிராப் நிறுவனம், தன் ஓட்டுநர்கள் வழியாகத் திரட்டிய தரவால் சொந்த வரைபடம் அமைத்து, 2022 முதல் அதைப் பிற நிறுவனங்களுக்கும் வழங்குகிறது. ஜார்ஜ்டவுனில் கார் நுழையாத சந்துகளிலும் மோட்டார்சைக்கிளில் உணவு கொண்டுசெல்லும் இளைஞர்களின் அனுபவத்துக்கு இணையான தரவு வேறு யாரிடம் இருக்கிறது?

செந்தூல்வாசி:
தம்பி, அந்த இளைஞர்களின் தரவுக்கும் ஒரு நிறுவனமே உரிமையாளர். 2004-இல் தொடங்கிய, தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்தால், அதை எல்லாரும் பயன்படுத்தலாம். எந்த நிறுவனமும் தனியுடைமை ஆக்கிக்கொள்ள முடியாது. நம் உழைப்பை அங்கே கொடுப்போம்.

பங்சார் ஓட்டுநர்:
கொடுக்கலாம், மனமாரச் சொல்கிறேன். ஆனால் அதில் சாலைகள் இருக்கின்றன, நேரலை நெரிசல் தகவல் இல்லை. மாலையில் வேலை முடிந்து டோலுக்கு முன்னால் நிற்கும் எனக்கு எந்தப் பாதை அடைத்திருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லும் பொதுச் சேவை உருவாகும்வரை நான் வேஸை நீக்கப்போவதில்லை.