தோல் சட்டை போட்ட பாட் பூன்

2025 ஜூலையில் ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்த வாரம் வீட்டில் அவர் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. 'கிரேஸி ட்ரெய்ன்' முடிந்ததும் யூடியூப் தானாக அடுத்ததைப் போட்டது. அதே பாட்டு, ஆனால் கிடார் இருக்க வேண்டிய இடத்தில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் கும்பலாக, அதற்கு மேல் இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாத ஒரு பெரியவர் குரல். அட, ஐம்பதுகளின் பாப் பாடகர் பாட் பூன்! மெட்டல், ராக் பாட்டுகளை அவர் தன் பாணியில் பாடி 1997-இல் வந்த 'இன் எ மெட்டல் மூட்'. கல்லூரியில் ஒரு நண்பன் போட்டுக் காட்டி, விழுந்து விழுந்து சிரித்து, அத்தோடு மறந்துபோன ஆல்பம்.

இந்த முறை முழுசாகக் கேட்டேன். காமெடி என்று ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான். கிடார் கையில் கிடைத்த ஒவ்வொரு பையனும் முதலில் தட்டிப் பார்க்கும் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' இதில் பிக் பேண்ட் (ஊதுகருவிகள் நிறைந்த பெரிய ஜாஸ் குழு) உருப்படி, அதில் கிடார் வாசிக்க, அசல் பாட்டில் வாசித்த ரிச்சி பிளாக்மோரே வந்திருக்கிறார். 'ஹோலி டைவர்' பாட்டுக்குப் பின்குரல் கொடுத்தது அதை முதலில் பாடிய சாட்சாத் டியோ. பூனும் கண்ணடிக்காமல், ஒவ்வொரு சொல்லையும் சுத்தமாக உச்சரித்துப் பாடுகிறார், அதனால்தான் சிரிப்பே வருகிறது.

ஆனால் மனுஷன் இதைத்தான் ஆரம்பத்திலிருந்தே செய்தார். 1955-இல் ஃபேட்ஸ் டாமினோவின் 'எய்ன்ட் தட் எ ஷேம்', அப்புறம் லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி' என்று கறுப்பினக் கலைஞர்களின் பாட்டை வெள்ளைக்கார வீட்டு ரேடியோவுக்கு ஏற்றபடி கழுவித் துடைத்துக் கொடுத்து, பாப் பட்டியலில் அவர்களையே முந்தினார். அது இன்னும் உறுத்துகிறது. மெட்டல்காரர்கள் வயிற்றில் யாரும் அடிக்கவில்லை என்பதால் இதை நிம்மதியாக ரசிக்க முடிகிறது.

ஆல்பம் வந்த 1997-இல் அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸ் மேடைக்கு ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரோடு வந்தபோது பூனுக்கு வயது 62. வெற்று மார்பில் தோல் கோட்டு, கழுத்தில் நாய்ப் பட்டை, ஒட்டுப் பச்சை (போலி டாட்டூ). அவர் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த கிறிஸ்தவ சேனல் அதிர்ந்துபோய் அவரைத் தற்காலிகமாகத் தூக்கிவிட்டது!

———

இன்னொரு ரசிகர்: நான் இந்த ஆல்பத்தைப் பிடித்தது வேறு வழியில். 2002-இல் வந்த 'த ஆஸ்போர்ன் ஃபேமிலி ஆல்பம்' சிடியில் பூன் பாடிய இந்தக் 'கிரேஸி ட்ரெய்ன்' இருக்கிறது. பூனும் ஆஸியும் பெவர்லி ஹில்ஸில் ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள், தெரியுமோ? 'ஸ்டேர்வே டு ஹெவன்' மட்டும் என்னால் தாங்க முடியவில்லை, மன்னிக்கவும்.

———

மற்றொருவர்: இது பிடித்தவர்கள் ஐம்பதுகளின் இன்னொரு பாப் பாடகர் பால் ஆங்காவின் 'ராக் ஸ்விங்ஸ்' (2005) கேளுங்கள். நிர்வாணா, ஒயாசிஸ், சவுண்ட்கார்டன் என்ற ராக் குழுக்களின் பாட்டெல்லாம் ஸ்விங் என்ற ஜாஸ் பாணியில். பாட்டு என்று பார்த்தால் ஆங்கா ஒரு படி மேல்தான், ஆனால் அவர் கோட்டு சூட்டைக் கழற்றவே இல்லை, அதனால் என் ஓட்டு பூனுக்கு.